டெனிஸின் கல்லூரிக்கு ஒரு ஃபிளெக்ஸ்

எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் டெனிஸ் அமெரிக்கக் கறுப்பினப் பெண். கறுப்பர்களைப் பெரும்பாலான கல்லூரிகள் சேர்க்காத காலத்தில் அவர்களுக்காகவே தொடங்கிய கல்லூரியில் படித்தவர். அதற்கு இன்று நூற்றைம்பது வயது! மாலையில் இங்கே தோஹாவில் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள்.

நஜ்மா பகுதியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் நம்ம கீழக்கரை காதர் பாயிடம் பேனர் சொல்லியிருந்தேன்.

நானும் டெனிஸும் போய் விரித்துப் பார்த்தால், கல்லூரிப் பெயர் ஓரத்தில். நடுவே ஆளுயர டெனிஸ், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்! டெனிஸ் விவரம் அனுப்பிய வாட்ஸ்அப்பில் இருந்த அவர் படத்தைப் பாய் எடுத்துப் போட்டிருக்கிறார்.

“என்ன பாய் இது?”

“ஆள் படம் இல்லாம பேனரா? நல்லாவா இருக்கும்?”

டெனிஸ் கைதட்டிக் குதித்தார். மாலை கூட்டத்துக்கு வருகிற எட்டுப் பேரையும் கீழே வட்ட வட்டமாகப் போட முடியுமா என்று கேட்டார்.

“யல்லா, சீக்கிரம் போட்டோ அனுப்பச் சொல்லுங்க!”

நான் படித்த கல்லூரிக்கு எத்தனை வயது? தெரியவில்லை. உங்கள் கல்லூரிக்கு? கூகுள் பார்க்காமல் சொல்லுங்கள்.