ஆறு பர்னர் அடுப்புள்ள மலை

காலை ஏழு பத்து. அமெரிக்காவில் கோடை நேரம் தொடங்கும் மார்ச் மாத ஞாயிறு. இரவோடு இரவாகக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே போயிருந்தன; எங்கள் மைக்ரோவேவ் மட்டும் இன்னும் ஆறு பத்து என்றது. போனைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் அடுப்பு. கேஸ் அடுப்பு, ஆறு பர்னர், மேலே புகைபோக்கி. எங்கள் மூன்று குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் எதிர் வீட்டுத் தோழி போட்டிருந்த படம், விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் வீட்டின் சமையலறை. அதன் கீழே, "ஸ்கீ ரிசார்ட் கெடச்சாச்சு!!" என்று எழுதியிருந்தாள். மலையின் படம் இல்லை.

நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் ஒரே தெருவில் இருக்கும் நாங்கள், வருடத்துக்கு ஒரு முறை பனிச்சறுக்குக்குச் சேர்ந்தே போகிறோம். ஒன்பது வருடமாக மலையைத் தேர்ந்தெடுத்தது சமையலறைதான். பதினொரு பேருக்குத் தோசை வார்க்க வேண்டும், சாம்பார் வாசனைக்கு வீட்டுக்காரர் புகார் சொல்லக் கூடாது. பிள்ளைகளும் ஆண்களும் சறுக்குவார்கள். பெண்கள் மூவரும் மலையடியில் உள்ள உணவுக்கூடத்தில் மேசை பிடிப்போம். பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல நாற்காலிகளில் ஜாக்கெட்டுகளைப் போட்டுவிட்டு, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்ற பலகைக்கு நேர் கீழே எலுமிச்சை சாதத்தைத் திறப்போம்.

போன வருடம் மூன்றாவது வீட்டின் எட்டு வயதுப் பெண் கையுறை வாங்க மேசைக்கு வந்தாள். "ஆன்ட்டி, யூ டோன்ட் ஸ்கீ. தென் ஒய் டு யூ கம்?" என்றாள். கேலி செய்யவில்லை, தகவல் கேட்டாள். சென்னையில் பன்னிரண்டு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவள் நான், ஊரில் உள்ளவர்களையெல்லாம் கேள்வி கேட்டிருக்கிறேன். அவளிடம் கையுறையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை நானும் சறுக்குவேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

இந்த வருடம் பள்ளி விடுமுறை ஏப்ரலில்தான் வந்தது. பனிக்காலத்தின் கடைசி வாரம். அந்த நேரத்துப் பனி இரவில் இறுகிக் கல்லாகிவிடும். காலை ஒன்பது மணிக்கு இளகத் தொடங்கும். பதினொன்று வரை நன்றாக இருக்கும். மதியத்துக்கு மேல் கஞ்சி. இதை எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திங்கட்கிழமை இரண்டு மலைகளுக்குப் போன் செய்து கேட்டேன். தோழி தேர்ந்தெடுத்தது தெற்கு வெர்மான்டில் உள்ள தாழ்ந்த மலை. ஆறு பர்னர் வாடகை வீட்டிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம். இணையதளத்தில் "ஏப்ரலிலும் திறந்திருக்கும்" என்று போட்டிருந்தது. அப்போது எத்தனை சரிவு என்று கேட்டேன். நான்கு. புதிதாகப் பழகுபவர்களின் சரிவு அதில் சேருமா என்று கேட்டேன். "வெயிலைப் பொறுத்து" என்றார்கள்.

இன்னொரு மலை அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் வடக்கே. உயரம் அதிகம். பழகும் சரிவு வடக்குப் பார்த்தது. பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்பது முதல் பதினொன்று வரை மட்டும். மலையடியிலேயே அறைகள், இரண்டு பர்னர், மின்சார அடுப்பு.

செவ்வாய்க்கிழமை குழு அழைப்பில் எல்லாரும் பேசினோம்.

"அக்கா, ரெண்டு பர்னர்ல பதினோரு பேருக்கு எப்படி?" என்றாள் தோழி.

"யாரு சமைக்கப்போறா? காலைல சீரியல் சாப்பிடலாம்."



"அக்கா, வெக்கேஷன்ல சூடா ஒரு தோசை இல்லன்னா அதுக்குப் பேரு ஹாஸ்டல்" என்றார் தோழியின் கணவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"போன வருஷம் மலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேந்தோம்?" என்று அவரைக் கேட்டேன்.

"பதினொண்ணு இருக்கும்."

"பன்னெண்டு இருபது. பதினொண்ணுக்குத் தோசையே முடியல. நீங்க எடுத்த போட்டோலயே டைம் இருக்கு. ஏப்ரல்ல பன்னெண்டு இருபதுக்குப் போனா சறுக்க முடியாது, நீந்தத்தான் முடியும். எனக்கு ஒம்பது மணி கிளாஸ் வேணும்."

"உனக்கா?" என்றார் என் கணவர். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். "விழுந்து கால ஒடச்சுக்கிட்டா யாரு பாக்குறது?"

"இன்ஷூரன்ஸ் பாக்கும்."

குடும்பத்துக்கு ஓர் ஓட்டு என்பது எங்கள் வழக்கம். தோழி வீடு ஆறு பர்னர் என்றது. மூன்றாவது வீடும் அதையே சொன்னது. "எங்க வீடும் அதான்" என்றார் என் கணவர், என்னைப் பார்க்காமல்.

"அது அவரு ஓட்டு. என்னோடது இல்ல" என்றேன். "நீங்க எல்லாரும் அங்க போங்க. நான் வடக்க போறேன்."

"கோவமா அக்கா?"

"கோவம்லாம் இல்லம்மா. ரூம் புக் பண்ணியாச்சு."

உண்மையில் அப்போது செய்திருக்கவில்லை. பேச்சு முடிந்து நான்காவது நிமிடத்தில் செய்தேன். ஓர் ஆளுக்கு, இரண்டு இரவு.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சமாதானப் பேச்சு நடந்தது. நான் இல்லாமல் மாவு எப்படி என்று கணவர் கேட்டார். கடையில் பாக்கெட்டில் விற்கிறது என்றேன். கடை மாவு புளிக்கும் என்றார். மலையில் குளிர்தானே, புளிக்காது என்றேன். பள்ளியில் பதினோராவது படிக்கும் மகள், "அம்மா, யூ கான்ட் ஜஸ்ட் கோ அலோன்" என்றாள். டெக்சாஸில் இருக்கும் அவள் சித்தி வீட்டுக்கு நான் தனியாகப் போனபோது யாரும் இதைச் சொல்லவில்லையே என்று கேட்டேன். "தட்ஸ் டிஃபரென்ட்" என்றாள். கிளம்பும் நாள் காலையில் தன் பனிக்கண்ணாடியைக் கொண்டுவந்து என் பையில் வைத்தாள். "டோன்ட் ஸ்க்ராட்ச் இட்."

வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். நான்தான் மூத்தவள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகளைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். சறுக்குக்கட்டைகளின் முனைகளைச் சேர்த்து, குதிகால்களை விரி என்றாள். விரித்தேன், விழுந்தேன். எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, பக்கவாட்டில் புரண்டு சறுக்குக்கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளவே இருபது நிமிடம் போனது. ஒன்பதரைக்கு என் முட்டிகள் இரண்டும் ஈரம். வேண்டுமானால் உள்ளே போய்க் கொஞ்சம் உட்காருங்கள் என்றாள் அந்தப் பெண். ஒன்பது வருடம் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன், போதும் என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. மறுபடி மேலே கூட்டிப்போனாள்.

பதினொன்று பத்துக்குக் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவர். பின்னால் தோசைக்கல்லின் சீறல் கேட்டது.

"இன்னும் கிளம்பல" என்றார். "நீ எத்தன தடவ விழுந்த?"

"பதினாலு."

"சொன்னேன்ல!"

விழாமல் கீழே வந்தது இரண்டு முறை.