மலேயாக்காரியை வளர்த்த பெர்க்மான்ஸ் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை துறைமுகத்து மரக்கிட்டங்கியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கப்பலடியில் நின்ற பெர்க்மான்ஸ் அண்ணன் அப்படியே சாய்ந்து இறந்துவிட்டார். சற்றுமுன் என்னிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கிப் போனவர். கையிலிருந்த கிளாஸை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். ஊர் வாய் அடங்குமா? அவர் வளர்த்த பூச்சிதான் கடித்துவிட்டது என்று மறுநாளே கதை கட்டிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல். இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் வேலை. புதுத் துறைமுகத்தில் கப்பல் அணையத் தொடங்கிய புதிதில், மலேயாவிலிருந்து வந்த மரத்தடிப் பொந்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு மயிரடர்ந்த எட்டுக்கால் பூச்சி ஒன்று வெளியே வந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றினோம். அவர் தன் தூக்குச்சட்டிச் சோற்றைக் காக்கைக்குக் கொட்டிவிட்டு, சட்டியைப் பூச்சிமேல் கவிழ்த்துப் பிடித்தார்.

"பொட்டப்புள்ளய அடிக்காதீங்கலே. கப்பலேறி வந்திருக்கா" என்றார். அன்று மத்தியானம் அவருக்குப் பட்டினி.

பேக்கரியில் மக்ரூன் போட்டுவைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றை வாங்கி, மூடியில் துளையிட்டு, உள்ளே மரப்பட்டையை நட்டமாக நிறுத்திக் குடிவைத்தார். மரமேறும் ஜாதியாம், கிடையாக வைத்தால் ஒண்டாதாம். மலேயா மாலுமி ஒருவர் சொன்ன பக்குவம். கரப்பான்தான் சாப்பாடு. குடிதண்ணீருக்கு நாயாய் அலைகிற எங்கள் ஊரில், நல்ல தண்ணீரில் மலேயாக்காரிக்கும் ஒரு பங்கு. அவர் மனைவி செசிலி மதினி ஜாடி இருக்கும் அறையில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள்.

ஒருநாள், நான் அங்கிருக்கையிலேயே, மலேயாக்காரி ஜாடிக்குள் மல்லாந்து காலை விரித்துக் கிடந்தாள். தொலைந்தது சனியன் என்று மதினி விளக்குமாறோடு வந்து மூடியைத் திறந்தார்கள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, தொடாத. மல்லாந்து கிடந்தா செத்ததுன்னு அர்த்தமில்ல. தோலு உரிக்கப் போவுது. தொட்டாத்தான் சாவும். கொஞ்சம் பொறு."

பொறுத்தோம். சாயங்காலத்துக்குள் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசாக எழும்பினாள். மதினி சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் தண்ணீர் தெளிப்பதெல்லாம் மதினிதான். ஜாடியை வேறு யாரையும் தொடவிடமாட்டார்கள்.

புதன்கிழமை சாமியார் வந்து ஜெபம் முடித்தார். அண்ணனைப் பெட்டியில் எடுத்துவைக்க நாங்கள் நாலு பேர் குனிந்தோம். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த மதினி கையை நீட்டி மறித்தார்கள். குரலில் நடுக்கமே இல்லை.

"தொடாதீங்க. மல்லாந்து கிடந்தா செத்ததுன்னு அர்த்தமில்ல. அவியதான சொன்னாவ. கொஞ்சம் பொறுங்க."

குனிந்த நாங்கள் நிமிர்ந்து விலகி நின்றோம். அலமாரி மேல் ஜாடிக்குள் மலேயாக்காரி பட்டையைக் கட்டிப் பிடித்திருந்தாள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

போய் வாருங்கள், அண்ணே. நாங்கள் பொறுத்துத்தான் பார்த்தோம். நீங்கள் எழும்பவில்லை.