ஞாயிற்றுக்கிழமைப் பேதி

திம்மராயன் சென்னப்பன், 1974–2023. ஊர் பேரிகை. முதலில் பிறர் நிலத்தில் கூலி வேலை. பின்னர் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. இறுதிக் காலத்தில் மட்டும் அங்கேயே நிரந்தரத் தொழிலாளி.

அந்தத் தொழிற்சாலையில் வரிசையில் நின்று வேலை செய்பவர் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால், அவர் இடத்தில் நிற்க மாற்றாள் வரவேண்டும். அவருக்கு ‘ரிலீவர்’ என்று பெயர். வரிசை முழுவதற்கும் ஒரே ரிலீவர். கையை உயர்த்திவிட்டுக் காத்து நிற்பவரிடம் சூப்பர்வைசர் பிரேம்குமார் கேட்கும் கேள்விகள் மானமுள்ளவர் காதில் விழத்தக்கவை அல்ல. சேர்ந்த புதிதில் அவற்றை ஒருமுறை கேட்க நேர்ந்த சென்னப்பன், இனிக் கையை உயர்த்துவதில்லை என்று முடிவு செய்தார். எதையும் முடிவு செய்தால் அதற்கொரு முறையும் வகுத்துக்கொள்பவர் அவர்.

கம்பெனி பஸ் விடியும் முன்பே பேரிகைக்கு வந்துவிடும். காலைக்கடனுக்கு அவகாசம் கிடையாது. ஆகவே வேலை நாள்களில் ராகிக் களி, கீரை, அவரை எதையும் தொடமாட்டார். பன்னும் டீயும் போதும். தண்ணீரோ நாக்கு நனையும் அளவுக்குத்தான். வாரம் முழுவதும் உள்ளே தேங்கியதை ஞாயிற்றுக்கிழமை பேதிக்குச் சாப்பிட்டு ஒரேயடியாக வெளியேற்றிவிடுவார். தகப்பனார் திம்மராயன் காலத்தில் வீட்டில் எல்லோரும் ஆண்டுக்கு இருமுறை விளக்கெண்ணெய் குடிப்பது வழக்கம். மகன் அதை வாரந்தோறும் என்று ஆக்கிக்கொண்டு, தம் குடலைப் பாத்திரம்போல் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டார். காலியாக இருப்பதே சுத்தம், சுத்தமே ஆரோக்கியம் என்பது அவர் எண்ணம்.

பிரேம்குமாரும் அதை மெச்சினார். ஷிப்ட் முடியும்வரை மெஷினை விட்டு நகராதவர் என்று மற்றவர்களிடம் அவரைச் சுட்டிக்காட்டினார். பக்கத்து மெஷின் கரியப்பன் மட்டும், “சென்னப்பா, உனக்குள்ள இருக்கிறது குடலா, பி.வி.சி. பைப்பா?” என்று கேட்பார். சென்னப்பனுக்கு அதுவும் பாராட்டாகவே பட்டது.

பிறகு மலத்தோடு இரத்தம் வரத் தொடங்கியது. உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும் சாப்பிட்டார். நிற்கவில்லை. மூலமாக இருக்கும் என்று பஸ் நிலையத்தருகே ஒரு கடையில் களிம்பு வாங்கித் தடவினார். ரோஜாத் தோட்டத்தில் பூ அறுக்கப் போகும் அவர் மனைவி மாதேஸ்வரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கெஞ்சினாள். அந்தச் சமயத்தில்தான் நிரந்தரமாக்கப்படுவோர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதற்கு முன்பாக முழு உடல் பரிசோதனை. அதில் மலப் பரிசோதனையும் உண்டு. இரத்தம் இருப்பது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அவர் நடுங்கினார்.

தம்பி வெங்கட் ஓசூரில் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சென்னப்பன் அவனிடம் போய், ஆய்வகத்தில் கொடுத்த டப்பாவைத் தயக்கத்துடன் நீட்டினார். விஷயம் விளங்கியதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“தம்பிகிட்ட இதைப் போயி கடன் கேட்ட ஒரே அண்ணன் நீதாண்ணா.”

முடிவு ‘நார்மல்’ என்று வந்தது. வேலையும் நிரந்தரமாயிற்று. அதன்பின் மாதேஸ்வரி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், “கம்பெனி டாக்டரே நார்மல்னு சொல்லிட்டார். நீ எந்த ஊர் டாக்டரு?” என்று அடக்கிவிடுவார். முதலில் அவள் வாயை மூடச் சொன்ன சொல் அது. சொல்லிச் சொல்லி, நாளடைவில் அவரே அதை நம்பத் தலைப்பட்டார். இரத்தத்தைக் கண்டால் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவார்.

2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேதி மருந்து வேலை செய்யவில்லை. இன்னொரு மடங்கு குடித்தார். வயிறு பானைபோல் உப்பி, வலியில் சுருண்டு விழுந்தவரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெருங்குடலை அடைத்துக்கொண்டிருந்த புற்றுநோய்க் கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தது. அறுவை செய்து, வயிற்றில் துளையிட்டு, மலம் இறங்க ஒரு பை மாட்டினார்கள்.

குடலை வாராவாரம் கழுவியும் எப்படி வந்தது என்று அவர் அறுவை செய்த டாக்டர் நிர்மலாவைக் கேட்டார். குடலுக்கு வேண்டியது கழுவுதல் அன்று. களி, கீரை, தண்ணீர், உந்துதல் வந்த நேரத்தில் போதல், இவ்வளவே என்றார் டாக்டர். கட்டிக்கு இன்னதுதான் காரணம் என்று தம்மால் சொல்ல முடியாது, ஆனால் இரத்தத்தைக் கண்டதுமே வந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும் என்றும் சொன்னார். உடன்பிறந்தவர்களுக்கும் வரக்கூடும் என்பதால் தம்பிக்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டப்பா விஷயத்தை வெங்கட் அன்றுதான் மாதேஸ்வரியிடம் சொன்னான். அவள் அழவில்லை. கட்டிலருகே வந்து நின்று, “அந்த வேலை போயிருந்தா நான் பூ அறுத்துக் கஞ்சி ஊத்தியிருக்க மாட்டேனா, மாமா?” என்று மட்டும் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு அவருக்கு இருந்தது ஒரே கவலை: தம்பி. போனில் எத்தனையோ முறை சொல்லியும் வெங்கட் பிடிகொடுக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், பையின்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, மாதேஸ்வரி தடுத்தும் கேளாமல் ஓசூருக்குப் பஸ் ஏறினார். வெங்கட் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். லீவு போட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்றான்.

“வண்டி போனாப் போகுது. நீ வா.”

“எனக்கு எதுக்குண்ணா? அன்னைக்கு டெஸ்டுக்குப் போனதே என்னோடதுதானே. நார்மல்னு வந்துடுச்சில்ல?”

சென்னப்பன் சட்டைப்பையிலிருந்து டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினார். “நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன், வெங்கட்டு” என்றார்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வெங்கட் வண்டியைக் கிளப்பினான். சென்னப்பன் டாக்டரின் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தனியாகவே திரும்பினார். அதன்பின் அவர் வாசற்படி தாண்டவில்லை. கடைசியாக அவர் வெளியே போய்வந்தது 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.