மூன்றாம் அறைக்கு எதிரே ஒரு சிலுவை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்து திரும்பியபோது ‘ம்மா’ என்பதுபோல் ஒரு சத்தம் மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் அதுதான்.

அப்புத்தளையில், ரயில் பாதைக்கு மேலே, ஐந்து அறைகள் கொண்ட சின்னத் தங்குமிடம் எங்களுடையது. பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். சமையலும் படுக்கை விரிப்புகளும் என் வேலை. யார் வருகிறார்கள், எந்த அறை, எத்தனை நாள் என்பதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். தொலைபேசியில் கேட்டு, ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் எழுதிவைப்பார். அந்தக் கொப்பியை நான் துடைத்து வைத்திருக்கிறேனே தவிர ஒருநாளும் வாசித்ததில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அறைகள் பூட்டியே கிடந்தன. அவருடைய அண்ணன்மார் வந்து, வீட்டை விற்றுவிட்டு மகளோடு பதுளையில் போய் இருங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் பேசப் பேச, கட்டிலில் கிடந்தவர் இடது கையால் மெத்தையை அடித்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

மகள்தான் ஒரு சனிக்கிழமை வந்து, இணையத்தில் எங்கள் அறைகளைப் போட்டாள். படம் எடுத்தாள், விவரம் எழுதினாள், என் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். எந்த நாளில் எந்த அறை காலி என்று காட்டும் காலண்டர் ஒன்று அதில் இருந்தது.

“கொப்பில இருக்கிறது ஒண்ணு விடாம இதுல போடணும்மா. நீங்க அடைக்காத ரூமை இது யாருக்கும் குடுத்துரும்” என்றாள்.

அவள் போன பிறகு கொப்பியை விரித்தேன். பாதிக்கு மேல் விளங்கவில்லை. அவர் யாருக்காகவும் எழுதியதில்லை, தனக்காகவே எழுதியிருந்தார். ‘யா. மா.’ என்றால் யாழ்ப்பாணத்து மாஸ்டர் என்பதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. வட்டங்கள், கோடுகள், பாதிப் பெயர்கள். கொப்பியை அவருடைய கட்டிலுக்கே கொண்டுபோய் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கேட்டேன். ஆம் என்றால் கண்ணை மூடுவார், இல்லை என்றால் தலையை ஆட்டுவார். இரண்டு வரி முடிவதற்குள் களைத்துவிடுவார்.

ஒக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு நாளில், மூன்றாம் அறைக்கு எதிரே, பெயர் எதுவும் இல்லாமல் ஒரு சிலுவை மட்டும் போட்டிருந்தது. முந்தின மழைக்கு அந்த அறை ஒழுகி, தகரம் மாற்றியிருந்தோம். திருத்த வேலைக்காக அடைத்திருப்பார் என்று நினைத்தேன். “ஒழுக்குதானே? அதைத்தான் சரிபண்ணியாச்சே” என்றேன். அவர் தலையை ஆட்டினார். இடது விரலைச் சிலுவையின் மேல் வைத்து அழுத்தினார். நான் பக்கத்தைத் திருப்பப் போனேன், அவர் விடவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் விரலின் கீழிருந்து கொப்பியை இழுத்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். கைத்தொலைபேசியில் அந்த நாளைக் காலி என்று போட்டேன்.

மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த ஒக்டோபர் வாரத்தில், பல மாதங்களுக்குப் பிறகு, ஐந்து அறைகளும் நிறைந்தன. சிலுவை போட்டிருந்த நாளில் மூன்றாம் அறைக்கு ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்திருந்தார்கள். அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. கொழும்பு ரயில் வந்து கொஞ்ச நேரத்தில், குடையும் ஒரு துணிப்பையுமாக ஒரு பெண் படியேறி வந்தாள். முகம் தெரிந்த முகம். ஒவ்வொரு வருடமும் வருகிறவள், தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறேன். என்னைவிட மூத்தவள். அதற்குமேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

நேரே மூன்றாம் அறைப் பக்கம் போனவள், வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி எங்க தங்கச்சி?” என்று என் கணவரை விசாரித்தாள்.

சொன்னேன். கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவளைக் கண்டதும் என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல், அந்த ஒற்றைச் சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படி அழவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க தம்பி. தங்கச்சிக்கு எப்படித் தெரியும்?”

என்ன தெரியாது என்று நான்தான் கேட்டேன். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்த காலையில் அவள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவும் சின்ன மகளும் லயத்து வரிசை வீட்டில் இருந்தார்கள். லயமே இல்லாமல் போனது. அதன் பிறகு கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வந்து, இங்கே ஓர் இரவு தங்கி, காலை முதல் பஸ்ஸில் கொஸ்லந்தைக்குப் போய், அந்த இடத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்புவாள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் எல்லோரும் அதையே பேசுவார்கள், அது தன்னால் முடியாது என்றாள். முதல் வருடம் விசாரித்து அறிந்த என் கணவர், அடுத்த வருடத்திலிருந்து அவள் கேட்காமலே அறையை வைத்திருந்தார்.

 ஊரிலிருந்த நாலைந்து இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீண்ட விடுமுறை வாரம், எங்கேயும் காலி இல்லை. மூன்றாம் அறைக் கதவைத் தட்டி அந்த வெளிநாட்டவரைப் போகச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவர்கள் செய்த குற்றம்தான் என்ன? என் கட்டிலில் படுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். நோயாளியின் பக்கத்தில் நீ இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டாள். கடைசியில் சாப்பாட்டு அறையில் மேசையை ஒதுக்கி மெத்தை போட்டேன். மற்ற விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்து எழும்வரை, தன் படுக்கைக்காக அவள் ஓரத்தில் ஒரு நாற்காலியில் காத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் பரிமாறினேன்.

காலையில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போக நின்றாள். தொலைபேசி இலக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன். “மனசுல வச்சுக்காத தங்கச்சி” என்றாள்.

அன்று முழுக்க என் கணவர் என் கையால் சாப்பிடவில்லை. மறுநாள் பழைய கொப்பிகளை எல்லாம் இறக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றிலும் அதே நாளில் அதே சிலுவை. அதன் பிறகு தினமும் காலையில் அரை மணி நேரம், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், அவர் விரல் நகர்ந்த பிறகே என் விரலை நகர்த்தினேன். எல்லாக் குறிகளையும் படித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. வீட்டை விற்கவில்லை. இணையம்தான் எங்களைக் காப்பாற்றியது, அதை மறுக்க மாட்டேன்.

அடுத்த வருடத்துக்கான காலண்டர் திறந்த அன்றே அந்த நாளை அடைத்துவைத்தேன். செப்டம்பரில் அவளே தொலைபேசி எடுத்தாள்.

“தங்கச்சி, அன்னைக்கு ரூம் இருக்குங்களா? இல்லாட்டி பண்டாரவளையில பாத்துக்கிறேன்.”

இருக்கிறது, வாருங்கள் என்றேன்.  யார் என்று கேட்பதுபோல் என் கணவர் பார்த்தார். அக்கா வருகிறார் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ரூம் இருக்குங்களா என்று அவள் கேட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.