மலை ஏரியில் எங்கள் பழைய ஜெட் படகும் மேலாளரின் பேனாக் கூடும்

சென்ற ஆண்டு என் நண்பர் சேவியர் இறந்த பிறகு, நாங்கள் இருவரும் இளமையில் ஓட்டிய ஜெட் படகில் இன்னொரு முறை உட்கார வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அது இப்போது கல்வராயன் மலையில் ஒரு தனியார் விடுதியின் ஏரியில் ஓடுவதாக அவர் மனைவி சொன்னார். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் புறப்பட்டேன். பழைய கார்புரேட்டர் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளோடு அந்த மலைக்குப் போகிறவர்களுக்கும் இப்பதிவு பயன்படும். விடுதியின் பெயரை எழுதவில்லை; எழுதினால் என் நிதானம் குலைந்துவிடும்.

காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியில் இட்லி, வடை, காப்பி: எண்பது ரூபாய். கச்சிராயபாளையம் சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. வண்டிக்குப் பெட்ரோல் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலைக் கடைகளில் தண்ணீர் பாட்டிலில் அடைத்து விற்கும் பெட்ரோலை நம்பாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். வெள்ளிமலையை அடைந்தபோது மணி ஒன்பது.

வளைவுகளில் ஏறும்போதெல்லாம் சேவியரின் நினைவுதான். திருநாவலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. என்னோடு பொறியியல் படித்தவர். கடலூர்த் துறைமுகத்தில் பழைய இரும்போடு கிடந்த அந்தப் படகை இருவரும் சேர்ந்து வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேரே உப்பங்கழிக்கு வந்துவிடுவார். எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர்கள். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயருகே பிடித்து, காற்று உறிஞ்சும் ஓசையை ஒப்பிடுவார். இரண்டும் ஒத்துப்போனால், "மூச்சு சமமா வாங்குது, ஏறு" என்பார். அவ்வளவு நிறைவான ஒரு சொற்றொடரை அதன்பின் நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் படகோட்டி கொளஞ்சி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் பச்சைத் துண்டு. இது ஒரு காலத்தில் என் படகு என்றேன்.

"அப்ப நீங்கதான் இதுக்கு மொத புருஷனா சார்? இன்னா பாடு படுத்துது தெரியுமா! முடுக்கினா பறக்குது, வுட்டா செத்துப்போவுது. போன வாரம் திருப்பறதுக்குள்ள நின்னுபோயி கரைக் கல்லுல இடிச்சிக்கினேன். நல்லவேளை, படகுல யாருமில்ல."

அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம்: ஜெட் படகில் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் நீரைத் திருப்பித்தான் படகைத் திருப்ப வேண்டும். எஞ்சின் நின்றால் படகு போகிற போக்கில் போகும்.

வேகத்தைக் குறைத்ததும் நிற்கிறது என்றால் முதலில் பெட்ரோலைப் பாருங்கள். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தோம். அடியில் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர். கடைப் பெட்ரோலின் மகிமை. தொட்டியைக் காலிசெய்து, கார்புரேட்டர்களின் கிண்ணங்களைக் கழற்றித் துடைத்தோம். அடுத்தது ஸ்லோ ஜெட்; எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதன் துளை தெரிய வேண்டும். ஒன்றில் தெரிந்தது. மற்றதற்குள் ஒடிந்த ஈர்க்குச்சி.

"மேனேஜரு போன மாசம் சுத்தம் பண்ணாரு சார்," என்றார் கொளஞ்சி, ஏரியைப் பார்த்துக்கொண்டே.

குச்சியை மெல்லிய செம்பு இழையால் தள்ளி, சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தோம். இரும்புக் கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். அப்போதுதான் கவனித்தேன்: கார்புரேட்டர்களின் வாயில் தீத்தடுப்பு வலைகள் இல்லை. எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் நெருப்பு வெளியே பாயாமல் தடுப்பவை அவை. படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால், அவை இல்லாத படகு ஓர் அடுப்பு.

மேலாளரின் அறைக்குப் போனேன். மேசைமேல் அந்த வலைகளில் ஒன்று நிமிர்ந்து நின்றது. அதில் நான்கு பேனாக்களும் ஒரு சீப்பும்.

"அழுக்கா இருந்துச்சு சார், கழட்டிட்டோம். பார்க்க அழகா இருக்கேன்னு வெச்சுக்கிட்டேன்."

நான் குரலை உயர்த்தவில்லை. பேனாக்களையும் சீப்பையும் எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டு, அந்த வலையையும், அலமாரியில் கிடந்த அதன் ஜோடியையும் எடுத்து வந்து கழுவி மாட்டினேன்.

படகைக் கரையில் கட்டியபடியே எஞ்சினை இயக்கினோம். தண்ணீரில் இல்லாமல் இதை இயக்கவே கூடாது. முதல் இழுப்பில் பிடித்தது. வேகத்தை முழுதாகக் குறைத்தேன், நிற்கவில்லை. குழாயைக் காதில் வைத்தேன். ஒரே மூச்சு, இரண்டு வாயிலும். முப்பது ஆண்டுகள் எங்கோ போய்விட்டன. கொளஞ்சி கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"ஏறுங்க சார், ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரலாம்."

ஏறியிருப்பேன். ஆனால் பெட்ரோல் பம்பின் அடியிலிருந்து ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்திருந்தது. கையில் மாற்றுத் தகடும் இல்லை. எஞ்சினை அணைத்தேன்.

மேலாளர் கரைக்கு வந்தார். "நாளைக்கு லீவு சார், கூட்டம் வரும். ஒழுகுற எடத்துல துணி கட்டிக்கலாம்."

"அந்தத் துணிதான் முதலில் எரியும்," என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மாலை நான்கு மணிக்குக் காரை எடுக்கும்போது கொளஞ்சி ஓடிவந்தார். பச்சைத் துண்டில் எதையோ சுற்றி முன் இருக்கையில் வைத்தார். கழற்றிய பெட்ரோல் பம்ப்.

"எடுத்துக்கினு போங்க சார். கேட்டா ரிப்பேருக்கு சார் கொண்டுபோய்ட்டாருன்னு சொல்லிக்கிறேன். திட்டு உங்களுக்கு."

"வேலை போய்விட்டால்?"

"போனா வேற பாத்துக்கலாம் சார். நாளைக்கு எம் பொண்ணு அவ கூட்டாளிங்கள இட்டுக்கினு வர்றா, படகுல ஏறணும்னு. துண்ட மட்டும் மறக்காம குடுத்துருங்க. அது என் மச்சான் எடுத்துக் குடுத்தது."

சேவியரின் நினைவாக ஒரு சுற்றுகூடப் போகாமல் இறங்கி வந்தேன். எஞ்சின் சமமாக மூச்சு வாங்கிய அந்த இரண்டு நிமிடம் போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

எந்தப் படகிலும் பிள்ளைகளை ஏற்றுமுன் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இறங்கிவிடுங்கள். கட்டணத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். ரப்பர்த் தகட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்ததும் நானே கொண்டுபோய் மாட்டுவேன். அதுவரை பம்ப் என் மேசைமேல் இருக்கும். துண்டை மூன்று முறை துவைத்துவிட்டேன். பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை.