மூத்த மருமகள் சுருட்டிய நெம்

என் ஓரகத்தி லுயேன் அக்கா அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து முப்பத்தோரு வருஷம். நாம் தின் என்னும் நகரத்தில், பழைய நெசவாலைக்குப் பின்னால் வீடு. மாமனாரின் திதி என்றால் மெல்லிய அரிசிமாவுத் தாளில் கறி வைத்த நெம் நூற்றிருபது சுருட்டிப் பொரிக்க வேண்டும். அத்தனையும் அக்கா கைதான். சின்ன மருமகளான நான் பழக்கூடையோடு பத்து மணிக்குத்தான் போவேன். நாத்தனார் பிக் எனக்கும் பிறகு வருவாள்.

பெரியவர், அதாவது அக்காவின் கணவர், இறந்த பிறகும் இது நிற்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துப் பார்த்து அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

போன வருஷத் திதியன்று நான் நுழைந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருந்தார். கொத்துக்கறி, மரக்காளான், கண்ணாடிச் சேமியா, முட்டை கலந்த பெரிய பேசின் பக்கத்தில். மொறுமொறுப்புக்காக அரிசித் தாளில் பீரைத் தடவிக் கலவையை வைத்து உருட்டுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் கையை உதறிக்கொள்வார்.

"விடுங்கக்கா, நான் செய்றேன்."

"நீ சுருட்டினா எண்ணெயில வெடிக்கும்டி. போய்க் கீரையக் கழுவு."

மாமனார் படத்துக்குப் பொரித்த நெம்மில் முதல் தட்டை வைத்து ஊதுபத்தி ஏற்றினோம். ஆண்கள் கூடத்தில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் பிக் வந்தாள். அடுப்படியில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"என்ன அண்ணி, நமத்துப்போச்சு? அப்பாவுக்கு மொறுமொறுன்னு இருக்கணும்ல?"

அக்கா அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார்.

"எனக்கு முடியல பிக். மீதிய நீங்களே பண்ணிக்குங்க."

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்போம். அந்தக் குரலில் கோபமே இல்லை.

நானும் பிக்கும் உட்கார்ந்தோம். பாதி வெடித்தது. எண்ணெய் தெறித்து அவள் முழங்கை சிவந்தது. கூடத்திலிருந்து என் கணவர், "இன்னும் ஆகலையா?" என்றார்.

"நீ வந்து பொரிடா, தெரியும்!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினாள் பிக். கண்ணில் நீர். புகையாகவும் இருக்கலாம்.

வெடிக்காத நாலைந்தைப் பொறுக்கி அக்காவிடம் கொண்டுபோனேன். எழுந்து உட்கார்ந்து மெதுவாகத் தின்றார்.

"உப்பு கம்மி. ஆனா சூடா இருக்கு. இந்த வீட்டுல நான் இத ஆறினப்புறம்தான் தின்னிருக்கேன்."

இந்த வருஷம் பிக் முந்தின நாளே வந்து காளான் ஊறவைத்தாள். பாதி நெம்மைக் கடையில் சொல்லிவிட்டோம். மாமனாரின் தம்பி முகத்தைச் சுளித்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்கா கீரை மட்டும் ஆய்ந்தார். மணிக்கட்டு வீக்கம் இன்னும் வற்றவில்லை.