அறுந்து கேட்ட ஒரு சொல்

சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினிப் பொறுப்பாளராக இருந்தேன். மின்னஞ்சல், படங்கள், இணையத் தொலைபேசி எல்லாம் ஒரே செய்மதி, அதாவது செயற்கைக்கோள், இணைப்பில்தான் நெரிந்துகொண்டு போகும்.

ஒருநாள் வலிப்போடு ஒரு கர்ப்பிணியை எங்கள் சிகிச்சை அறைக்குத் தூக்கி வந்தார்கள். தாதி வசந்தி அக்கா வவுனியா ஆஸ்பத்திரி டொக்டரை இணையத் தொலைபேசியில் அழைத்து, நிலைமையைச் சொல்லி, எங்களிடமிருந்த வலிப்பு மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்டார். குரல் விட்டுவிட்டு வந்தது. "அந்த மருந்தைக் குடு...ங்கோ" என்று கேட்டது.

ஊசியில் மருந்தை எடுத்த அக்கா தயங்கி நின்றார். "தம்பி, எனக்கு வடிவாக் கேக்கேல்லை. லைனைச் சரியாக்கித் தாங்கோ."

அடுத்த அறையிலிருந்து கூடாரப் படங்கள் தலைமையகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஓடிப்போய் அதை நிறுத்தினேன். டொக்டரின் குரல் தெளிந்தது.

"குடுக்காதேங்கோ எண்டெல்லோ சொன்னனான். அவாவுக்கு அது கூடாது. உடனே இஞ்ச அனுப்புங்கோ."

தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. கொண்டு வரும்போதே துடிப்பு இருக்கவில்லையாம்.

அன்று மாலையே ரவுட்டரில் குரல் அழைப்புக்கு முதலிடமும் படங்களுக்குக் கடைசி இடமும் கொடுத்தேன். இப்போது எங்கே வலையமைப்பு அமைத்தாலும், பெரிய கோப்பொன்றை அனுப்பிக்கொண்டே யாரையாவது அழைத்துப் பேசிப் பார்ப்பேன். ஒரு சொல் உடைந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழும்பமாட்டேன்.